சேர்வராயன் மலையும் நாடு அளந்த கோடுகளும்

சேலம் நகரின் வடபுறத்தில் கோட்டைச் சுவர் போல் உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. கோரிமேட்டைக் கடந்து அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் சாலை சுழன்று சுழன்று மேலேறி, ஏற்காட்டில் கொண்டுபோய் நம்மைச் சேர்க்கிறது. நகரிலிருந்து தொலைவு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; கடல் மட்டத்திற்கு மேல் உயரமோ ஏறத்தாழ 1,500 மீட்டர். ஏரியும் காடும் சேர்ந்த ஊர் ஆகையால் ஏரிக்காடு என்றும், அது மருவி ஏற்காடு என்றும் ஆயிற்று என்பர். கோடை விடுமுறையில் நம் பங்குக் குடும்பங்கள் பல இங்கு வருகின்றன. ஏரியில் படகு விடுகின்றன. கிளியூர் அருவியைப் பார்க்கின்றன. காப்பித் தோட்டங்களின் நிழலில் நடக்கின்றன. இருதய ஆண்டவர் கன்னியர் மடத்தையும் மான்ட்போர்ட் பள்ளியையும் கண்டு மகிழ்ந்து இறங்குகின்றன.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் காட்சிகள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இம்மலையின் மேல் உண்டு. அவைதாம் கோடுகள். நாட்டை அளந்தவர்கள் இழுத்த கோடுகள், அரசுகள் வகுத்த கோடுகள், திருச்சபை தன் பணிக்காக அமைத்துக்கொண்ட கோடுகள், மலைவாழ் மக்கள் தம் நினைவிலேயே போற்றி வந்த கோடுகள். லேடீஸ் சீட் எனப்படும் முனையில் நின்று, வானம் தெளிந்த ஒரு மாலையில் கீழே நோக்கினால், சேலம் நகரமும் தொலைவில் மேட்டூர் நீர்த்தேக்கமும் தெரிகின்றன. ஆனால் எந்த மாவட்டம் எங்கே முடிகிறது, எந்த மறைமாவட்டம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு எதையும் அங்கே காண முடிவதில்லை. காட்டில் இல்லாத அந்தக் கோடு காகிதத்தில் எப்படி வந்தது? வந்தபின் அது மனிதரை என்ன செய்தது? இவ்விரு வினாக்களோடு இம்முறை நாம் இம்மலையைச் சுற்றி வருவோம்.

தீபகற்பம் உருப்பெற்ற கதை

பரந்த இந்தியத் துணைக்கண்டத்தின் வடிவம் இன்று பள்ளிச் சிறுவனுக்கும் மனப்பாடம். வடக்கே இமயம், தெற்கே கூர்மையான குமரிமுனை, அருகே கண்ணீர்த்துளி போன்ற இலங்கை. ஆனால் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி என்ற அறிஞரின் குறிப்புகளைக் கொண்டு வரையப்பட்ட படங்களில், இந்தத் தீபகற்பமே இல்லை. தென்னிந்தியா கிழக்கு மேற்காகத் தட்டையாகக் கிடக்கிறது. இலங்கையோ உண்மைக்கு மாறாகப் பன்மடங்கு பெரிதாக நிற்கிறது. கடலோடிகளும் வணிகரும் சொன்னதைக் கேட்டு எழுதிய படம் அது. கரை சுற்றியவர்களுக்கு உள்நாடு தெரியாது அன்றோ!

கடற்கரையின் வடிவத்தைப் பிற்காலத்துப் போர்த்துக்கீசிய மாலுமிகள் திருத்தினார்கள். உள்நாட்டைத் தெரியப்படுத்தியவர்களுள் சேசு சபைக் குருக்களுக்குத் தனி இடம் உண்டு. அக்பரின் அவைக்கு 1580-இல் சென்ற மொன்செராத் அடிகள், மறு ஆண்டு பேரரசரின் படையோடு காபூல் நோக்கிப் பயணம் செய்தபோது, வழியெல்லாம் வானத்தை நோக்கி அளவெடுத்து, வட இந்தியாவின் படம் ஒன்றை வரைந்தார். இமயத்தைக் காட்டும் பழைய படங்களுள் அதுவும் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் தீபந்தாலர் அடிகள் கங்கைச் சமவெளி ஆறுகளின் போக்கைக் குறித்தார். தமிழகத்தில் மதுரை மிஷனிலும் கருநாடக மிஷனிலும் உழைத்த பூஷே அடிகள், தென்னாட்டின் படம் ஒன்றை அமைத்து ஐரோப்பாவிற்கு அனுப்பினார். இந்திய மண்ணில் ஒருநாளும் கால் வைத்திராத தான்வீல் என்ற பிரெஞ்சு அறிஞர், 1752-இல் இந்தியாவின் படத்தை வெளியிட்டபோது, இத்தகைய குருக்களின் குறிப்புகள் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தன.

இந்தக் குருக்கள் நாடு பிடிப்பதற்காக அளந்தவர்கள் அல்லர். அடுத்து வரும் குருவானவர் எந்த ஊரில் எந்த மக்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே வழியைக் குறித்தார்கள். நம் சேலம் நாட்டிலும் அத்தகைய காலடி உண்டு. தத்துவ போதகர் எனப் பெயர் பெற்ற ராபர்ட் தெ நொபிலி அடிகள் 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டு, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு நடந்தே வந்தார். அன்று அவர் கையில் தேசப்படம் இருந்திருக்க முடியாது. வழி கேட்டுக் கேட்டு வந்தவருக்கு, வடக்கே எழுந்து நின்ற இந்த மலைத்தொடரே அடையாளமாக விளங்கியிருக்கும்.

தோமையார் மலையில் தொடங்கிய அளவை

கேட்டறிந்து வரைந்த படம் போய், அளந்து வரைந்த படம் வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதன் தொடக்கம் நம் திருச்சபை மக்களுக்கு மிகவும் அறிமுகமான ஓரிடத்தில் நிகழ்ந்தது. 1802 ஏப்ரல் மாதம் 10-ஆம் நாள், சென்னைக்கு அருகே, புனித தோமையார் வேதசாட்சியாக மரித்தார் என்று நம் முன்னோர் போற்றிவரும் பரங்கிமலையின் அருகில், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி கொண்டு அது அளக்கப்பட்டது. வெயிலில் சங்கிலி நீளும், குளிரில் சுருங்கும். ஆகவே அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் செய்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளவைத் திருத்தினார்கள். ஏழரை மைலுக்குச் சில வாரங்கள் பிடித்தன.

இத்துணைப் பொறுமை ஏன்? முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களின் நீளத்தையும் கணக்கிட்டே அறியலாம் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அந்த எளிய உண்மைதான் துணைக்கண்டம் முழுவதையும் அளந்தது. முதல் கோட்டை மட்டும் சங்கிலியால் அளப்பது. பின்பு அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றையோ கோபுரத்தையோ கருவியால் நோக்கிக் கோணம் எடுப்பது. அங்கிருந்து அடுத்த குன்று. அதன்பின் இன்னொரு குன்று. முக்கோணத்தோடு முக்கோணம் சேர்ந்து வலை போல் விரியும். முதல் அளவில் ஓர் அங்குலம் பிழைத்தால், அப்பிழை நூறு மைலுக்கு அப்பால் பெருகி நிற்கும். ஆகையால்தான் அவ்வளவு கவனம்.

கோணம் எடுக்கும் தியோடலைட் என்னும் பெருங்கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். அதை மலைமேலும் கோபுரத்தின் மேலும் ஏற்றியவர்கள் நம் நாட்டுக் கூலியாட்களே. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் சோர்ந்து போகாமல் பல வாரம் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து தாமே அதைச் சீர்செய்து, மீண்டும் வேலையைத் தொடங்கினார்.

வடக்கே செல்லும் நெடுங்கோடு 78-ஆம் பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்தது. அந்த ரேகை எங்கே செல்கிறது என்று இன்றைய படத்தில் விரல் வைத்துப் பார்த்தால், ஓமலூருக்கும் தாரமங்கலத்துக்கும் நடுவே நம் விரல் நிற்கும்! ஏற்காட்டிலிருந்து நேர் மேற்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டர். லாம்டன் தம் அளவைச் சரிபார்க்க 1804-இல் பெங்களூர் அருகிலும், 1806-இல் கோயம்புத்தூர் அருகிலும் சங்கிலியால் மீண்டும் அடிக்கோடு அளந்தார். அவ்விரு நகரங்களுக்கும் நடுவே கிடக்கும் நாடுதான் சேலமும் பாராமகாலும்.

தோமையார் மலைக்கும் சேர்வராயன் மலைக்கும் கோடு மட்டும் உறவு அன்று, கல்லும் உறவு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் கருநிறமான கடும்பாறைக்கு நிலவியலார் சார்னோக்கைட் என்று பெயரிட்டுள்ளனர். சேர்வராயன் மலையும் அதே இனப் பாறையால் ஆனதே. மனிதன் அளந்து கோடிடுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, படைத்தவர் இவ்விரு மலைகளையும் ஒரே இனக் கல்லால் இணைத்து வைத்திருந்தார்.

லாம்டன் 1823-இல் மத்திய இந்தியாவில் இங்கன்காட் என்னும் ஊரில் வேலையின் நடுவிலேயே இறந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்நெடுங்கோட்டை இமய அடிவாரம் வரை கொண்டு சென்றார். 1852-இல் ராதாநாத் சிக்தர் என்ற வங்காளக் கணித வல்லுநர், 15-ஆம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்று கணக்கிட்டுக் கண்டார். 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்ட அச்சிகரத்துக்குச் சூட்டப்பட்ட பெயரோ எவரெஸ்ட். கணக்கிட்டவர் பெயரும், கருவி சுமந்தவர் பெயரும் படத்தில் ஏறவில்லை. அப்பால் திபெத்துக்குள் ஆங்கிலேயர் நுழைய முடியாதபோது, நயின் சிங் என்ற குமாவுன் மலைநாட்டவர் யாத்திரிகர் வேடத்தில் சென்று, காலடியை எண்ணியே வழியை அளந்தார். 108 மணிகள் இருக்க வேண்டிய செபமாலையில் 100 மணிகளை மட்டும் கோத்து, நூறு அடிக்கு ஒரு மணியாக உருட்டிச் சென்றாராம். செபிப்பதற்கென்று அமைந்த மாலை நாட்டை அளக்கும் கருவியாயிற்று!

கோடு விழுந்த மலை

அளப்பது ஒன்று, வகுப்பது மற்றொன்று. அளப்பவன் இருப்பதைக் கண்டறிகிறான். வகுப்பவன் இல்லாததை உண்டாக்குகிறான்.

1792-இல் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் ஆங்கிலக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அந்த ஆண்டில் ஒரு கையெழுத்தினால் சேர்வராயன் மலை ஓர் அரசிலிருந்து மற்றோர் அரசுக்கு மாறியது. மலைமேல் தினை விதைத்துக்கொண்டிருந்தவரை யாரும் கேட்கவில்லை. படைத் தலைவர் அலெக்சாந்தர் ரீடும், அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் வயல்களை அளந்து வரி விதித்தார்கள். பின்பு 1820-ஆம் ஆண்டை ஒட்டிக் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியையும் பழ மரங்களையும் கொண்டுவந்தார். காப்பித் தோட்டங்களுக்கு எல்லைக்கல் நடப்பட்டது.

ஆனால் இம்மலைக்கு ஏற்கெனவே எல்லைகள் இருந்தன. இங்கு தொன்றுதொட்டு வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் மலைவாழ் மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணுவோர் உண்டு, அது தவறு. மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோராகிய மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டு வந்தனர் என்றும், மூத்தவர் வழியினர் சேர்வராயன் மலையிலும், மற்றவர் வழியினர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். தம் மலையை நாடுகளாகப் பிரித்து, தலைவர்களை வைத்து, ஓடையையும் பாறையையும் பெருமரத்தையும் எல்லையாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு நிலத்தைச் சில ஆண்டுகள் பயிரிட்டு, பின்பு அதை ஓய விட்டு வேறிடம் செல்வது அவர்கள் பழைய வழக்கம். ஓய்வெடுத்த நிலம் தேசப்படத்தில் வெற்றிடமாகத் தெரிந்தது; வெற்றிடம் என்பதால் அது பிறர் கைக்குப் போவதும் எளிதாயிற்று. பாட்டன் நினைவில் இருந்த எல்லையைப் பட்டாவாகக் காட்ட அவர்களால் இயலவில்லை.

மலையின் உச்சியில், 5,326 அடி உயரத்தில், குகைக்குள் அமைந்த சேர்வராயன் கோயில் இருக்கிறது. மே மாதத்துத் திருவிழாவிற்குச் சுற்றுக் கிராமத்து மக்கள் திரண்டு வருகிறார்கள். அவர்கள் சமயம் நம் சமயம் அன்று. எனினும் நாகலூரிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் ஒற்றையடிப் பாதைகளில் நடந்து வரும் அக்குடும்பங்களை நினைக்கும்போது, இம்மலையின் உண்மையான படம் அவர்கள் பாதங்களில் இருக்கிறது என்று உணர்கிறோம்.

ஒரு பட்டியலும் இரு மலைகளும்

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு கோடு ஒரு பிள்ளையின் வாழ்வை இன்னும் தொடுகிறது. மலையாளி மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் அரசு சேர்த்தபோது, மாவட்டப் பெயர்களைக் குறித்தே சேர்த்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களின் பெயர்கள் உள்ளன. கோயம்புத்தூர் இல்லை. அதிலிருந்து 1979-இல் பிரிந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் மலையாளி மக்கள் வாழ்கின்றனர். சேர்வராயன் மலைப் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் உண்டு. பர்கூர் மலைப் பிள்ளைக்கோ அது மறுக்கப்பட்டது. அவர்கள் இன்னார் என்பதை மாவட்டக் கோடு தீர்மானித்தது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவினர் நடுவே, ஒருவர் பிள்ளை கல்லூரிக்குள் நுழைய, மற்றவர் பிள்ளை வாசலில் நிற்கும் நிலையை ஒரு பட்டியல் உண்டாக்கிவிட்டது. இதை நீக்கக் கோரி அம்மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர்.

கோடு போட்டவர் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. மாவட்டம் இன்றி ஆட்சி நடவாது; பட்டா இன்றி ஏழைக்கும் பாதுகாப்பு இல்லை. அயலானின் எல்லைக்கல்லைப் பெயர்க்கலாகாது என்று பழைய ஏற்பாட்டுச் சட்டமும் கட்டளையிடுகிறதே! எல்லைக்கல் எளியவனின் நிலத்தைக் காக்கும்போது அது அறத்தின் கல். எளியவனை வெளியே நிறுத்தும்போதோ அது தடைக்கல் ஆகிவிடுகிறது. கல் ஒன்றுதான், எதற்காக நட்டோம் என்பதே வேறு.

திருச்சபையின் கோடுகள்

நம் திருச்சபையும் கோடு போட்டிருக்கிறது. அதனால் துன்பமும் பட்டிருக்கிறது. 1494-இல் போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் அத்திலாந்திக் கடலின் நடுவே ஒரு கோட்டைக் கற்பித்து, புதிதாகக் காணப்படும் நாடுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. முந்தின ஆண்டில் பாப்பரசர் ஆறாம் அலெக்சாந்தரும் இத்தகைய ஒரு கோட்டைக் குறித்திருந்தார். அக்கோட்டின் கிழக்கே விழுந்த இந்தியாவில், ஆயர்களைக் குறிப்பிடும் உரிமை போர்த்துக்கீசிய மன்னரிடம் இருந்தது. 1622-இல் உரோமையில் வேதபரம்புதல் சபை நிறுவப்பட்டு, அதன் குருக்களும் இங்கு வந்தபின், யார் ஆட்சி எதுவரை என்ற பூசல் எழுந்தது. ஒரே ஊரில் இரண்டு அதிகாரம், அக்கம்பக்கத்தில் இரண்டு கோயில், ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சி என நம் முன்னோர் நெடுங்காலம் வருந்தினர். 1886-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவில் மறைமாவட்டங்களை முறையாக நிறுவியபின்பே அப்பூசல் தணியலாயிற்று.

பின் வந்த கோடுகளின் நோக்கம் வேறு. 1930 மே மாதம் 26-ஆம் நாள், புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மறைமாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சேலம் மறைமாவட்டம் உருவானது. மேதகு புருனியே ஆண்டகை அதன் முதல் ஆயரானார். 1997 சனவரி 24-ஆம் நாள் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிறந்தது. அதே சனவரியில்தான் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல்லும் தனி மாவட்டமாயிற்று. கொல்லிமலை அதனோடு சென்றது. அண்ணன் மலை ஒரு மாவட்டம், தம்பி மலை வேறு மாவட்டம்! தருமபுரி ஏற்கெனவே 1965-இல் பிரிந்துவிட்டது. அரசும் திருச்சபையும் பெரிய நிலத்தைச் சிறிதாக வகுத்ததற்குச் சொல்லும் காரணம் ஒன்றே: ஆள்பவர் மக்களுக்கு அருகில் இருக்க வேண்டும். மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குக் கிடை சிறிதாக இருத்தல் நலம். அந்த நோக்கம் நிறைவேறும்வரை கோடு வாழ்க! பங்கின் எல்லை என்பது, இந்த எல்லைக்குள் இருப்போரைத் தேடிப் போகும் கடமை நமக்கு உண்டு என்று நினைவூட்டும் குறி. அதற்கு அப்பால் இருப்போரைப் பற்றிக் கவலை இல்லை என்று சொல்லும் சுவர் அன்று.

அடுத்த முறை நம் குடும்பங்கள் ஏற்காட்டுக்குச் செல்லும்போது, பிள்ளைகளை லேடீஸ் சீட் முனையில் நிறுத்தி, மேற்கே ஓமலூர்ப் பக்கம் சுட்டிக்காட்டி, துணைக்கண்டத்தை அளந்த நெடுங்கோடு அப்பக்கமாகத்தான் வருகிறது என்று சொல்லலாம். ஓர் அங்குலமும் பிழையாதபடி உழைத்தவர்களின் நேர்மையைப் புகழலாம். அதோடு, காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணின் ஊர் எது, அவள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கேட்டறியவும் பழக்கலாம். அந்த விவரம் எந்தத் தேசப்படத்திலும் கிடைக்காது.

என் அயலான் யார் என்று ஆண்டவரிடம் கேட்ட சட்ட வல்லுநன், உண்மையில் ஓர் எல்லைக்கோட்டைத்தான் கேட்டான். எதுவரை அன்பு செய்தால் போதும் என்பதே அவன் அறிய விரும்பியது. ஆண்டவர் கோடு எதையும் இழுக்கவில்லை. யூதரும் சமாரியரும் ஒருவரையொருவர் ஒதுக்கி வாழ்ந்த அந்நாட்டில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் இறங்கிச் சென்ற சமாரியனைக் காட்டி, நீயும் போய் அப்படியே செய் என்று அவனை அனுப்பி வைத்தார்.